சாக்ரமெண்டோவை உருவாக்கியது அப்பாவா, பிள்ளையா?

மேட்டுத்தெரு:
"கலிஃபோர்னியா சுற்றிப் பார்க்கலாம்" இழையில் நண்பர் கோட்டைவாசல் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "சாக்ரமெண்டோவை உருவாக்கியவர் ஜான் சட்டர். தன் ஆலையில் தங்கம் கிடைத்ததும் ஆற்றங்கரையில் ஊரை அமைத்தார், அதுவே மாநிலத் தலைநகரானது." கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. அங்கே எழுதினால் சுற்றுலாவைக் கெடுக்கிறேன் என்பார்கள், அதனால் தனி இழை. ஊருக்குத் தெரு போட்டது அந்த சட்டர் இல்லை, அவருடைய மூத்த மகன். அவன் பெயரும் ஜான் சட்டர்தான், அதுதான் எல்லாருக்கும் வசதியாகப் போய்விட்டது. 1848 செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்து இறங்கிய 21 வயதுப் பையன். ரஷ்யக் கம்பெனியிடம் ராஸ் கோட்டையை வாங்கிய கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது, சொத்து கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து அப்பா எல்லாவற்றையும் இவன் பெயருக்கு மாற்றினார். டிசம்பரில் பையன் கேப்டன் வார்னர் என்ற ராணுவ அதிகாரியை வைத்து நிலம் அளந்தான். அப்போது அப்பா ஊரிலேயே இல்லை, மலைமேல் கொலோமாவில் இருந்தார்.

கோட்டைவாசல்:
என் பெயரைப் போட்டுத் தனி இழையா, மகிழ்ச்சி. 1839-ல் அந்தக் காட்டுக்குள் படகில் வந்து இறங்கியவர் யார்? கோட்டை கட்டியவர் யார்? 1841-ல், கலிஃபோர்னியா மெக்சிகோவிடம் இருந்த காலத்தில், அதன் ஆளுநர் அல்வராடோ சுமார் 48,000 ஏக்கர் கொடுத்தது யாருக்கு, அந்தப் பையனுக்கா? அவனுக்கு அப்போது பால்குடி மறந்து கொஞ்ச வருடம்தான் இருக்கும். அப்பா நிலம், அப்பா பெயர், அப்பா கடன். பிள்ளை நான்கு கோடு போட்டால் ஊர் பிள்ளையுடையதா?

மேட்டுத்தெரு:
கோட்டை வேறு, ஊர் வேறு. கோட்டை ஆற்றிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கிறது, இன்றைய 27-ஆம் தெருவில். ஊர் பிறந்தது ஆற்றங்கரைப் படகுத்துறையில். கோட்டை இருந்தாலே ஊர் என்றால் கலிஃபோர்னியாவில் பாதி ஊருக்கு சட்டரைத்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, அப்பா அமைக்க நினைத்த ஊரே வேறு! அதற்கு சட்டர்வில் என்று பெயர், தெற்கே மூன்று மைல் தள்ளி. பிள்ளை படகுத்துறையில் ஊர் போட்டான் என்று தெரிந்ததும் அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது, அப்பாவுக்கும் பிள்ளைக்கும் உறவே கசந்துபோனது. தான் உருவாக்கிய ஊரைப் பார்த்து யாராவது கோபப்படுவார்களா? மறுபடி சொல்கிறேன், 1848 டிசம்பரில் அப்பா ஊரிலேயே இல்லை.

வரப்போரம்:
அண்ணன்மார்களே, இரண்டு சட்டரையும் விடுங்கள். காரியக்காரன் சாம் பிரானன். கோட்டையில் கடை வைத்திருந்தவன். 1848 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோ தெருவில் தங்கத்தூள் குப்பியை ஆட்டிக்கொண்டே கூவிப் போனவன், அதற்கு முன்னாலேயே சல்லடை, மண்வெட்டி எல்லாம் வாங்கிக் கடையில் அடுக்கிவிட்டான். ஊர் படகுத்துறையில்தான் வரவேண்டும் என்று பையன் காதில் ஓதியவனும் அவன்தான். அப்புறம் "சட்டர்வில்லில் எங்களுக்கு இலவச மனை தருகிறோம் என்கிறார்கள், போய்விடுவோம்" என்று மிரட்டி அந்தப் பிள்ளையிடமே மனைகளைச் சும்மா கறந்தான். ஊரை உருவாக்கியது வியாபாரிகள்.

மேட்டுத்தெரு:
வரப்போரம் சார், ஓதியவன் வேறு, செய்தவன் வேறு. பத்திரத்தில் கையெழுத்து யாருடையது? பிள்ளையுடையது. மனை விற்ற முகவர் பீட்டர் பர்னெட், பின்னாளில் மாநிலத்தின் முதல் ஆளுநர், அவரை வேலைக்கு வைத்தது யார்? பிள்ளை. அளக்கும்போது வார்னருக்கு உதவியவர்களில் ஒருவர் ஷெர்மன், உள்நாட்டுப் போரில் அட்லாண்டாவைக் கொளுத்திய அதே ஷெர்மன். இத்தனை பேர் இருந்தார்கள். அப்பா மட்டும் ஊரிலேயே இல்லை.

கோட்டைவாசல்:
ஊரிலேயே இல்லை, ஊரிலேயே இல்லை என்று கிளிப்பிள்ளை மாதிரி எத்தனை தடவை? கொலோமாவில் இருந்தது யாருடைய மர அறுவை ஆலை? 1848 ஜனவரி 24-ல் ஜேம்ஸ் மார்ஷல் தங்கம் கண்டது யாருடைய வாய்க்காலில்? அந்தத் தங்கம் இல்லாவிட்டால் உங்கள் பிள்ளை போட்ட தெருவில் மாடு மேய்ந்திருக்கும். நான் எழுதிய வரி ஒரு சுற்றுலாக் குறிப்பு ஐயா, முனைவர் பட்ட ஆய்வு இல்லை.

மேட்டுத்தெரு:
சுற்றுலாக் குறிப்பு என்றால் தப்பு எழுதலாமா? போன வருடம் டென்வர் இழையில் "ஜேம்ஸ் டென்வர் கட்டிய நகரம்" என்று எழுதியதும் நீங்கள்தானே? அந்த மனிதர் கான்சாஸ் ஆளுநர் பதவியையே விட்டு விலகிய பிறகு, அது தெரியாமல் அவரைக் குளிர்விக்க ஊருக்கு வைத்த பெயர் அது. அன்றைக்கும் "குறிப்பு ஐயா" என்றுதான் சொன்னீர்கள். உங்களுக்குப் பெயர்ப்பலகையில் யார் இருக்கிறாரோ அவர்தான் கொத்தனார்.

கோட்டைவாசல்:
டென்வர் கணக்கை இங்கே தீர்க்க வந்தீர்கள் என்று நேராகச் சொல்லியிருக்கலாம்.

கடைசிபெஞ்ச்:
வெளியிலிருந்து பார்க்கிற எனக்கு ஒரு சந்தேகம். 1839-ல் "காட்டுக்குள்" வந்து இறங்கினார் என்கிறார் கோட்டைவாசல். அங்கே நிசெனான் மக்களும் மிவோக் மக்களும் காலங்காலமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1833-ல் மலேரியா வந்து அந்தப் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகச் சாய்த்தது, அதில் மிஞ்சியவர்களைத்தான் சட்டர் பிடித்து வேலை வாங்கினார். கோட்டைச் சுவரை எழுப்பியது அவர்கள் கை. பன்றித் தொட்டி மாதிரி மரத்தொட்டியில் கஞ்சி ஊற்றினார் என்று அங்கே போய்வந்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பாவா பிள்ளையா என்று இங்கே இழை ஓடுகிறது, இவர்களைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

கோட்டைவாசல்:
அதானே, இன்னும் வரவில்லையே என்று பார்த்தேன். 2020-ல் மருத்துவமனை வாசலில் நின்ற சட்டர் சிலையையும் எடுத்தாகிவிட்டது, இனி இணையத்திலிருந்தும் எடுத்துவிடலாம். அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்துக் கண்ணாடி போட்டுப் பார்க்கக் கூடாது.

கடைசிபெஞ்ச்:
தொட்டியைப் பற்றி எழுதியவர்கள் அந்தக் காலத்து ஆட்கள்தான் சார். அவர்களுக்கே பொறுக்கவில்லை.

மேட்டுத்தெரு:
கடைசிபெஞ்ச் சொல்வது முக்கியம், தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். ஆனால் அதுவும் கோட்டையின் கதை. நான் கேட்பது 1848 டிசம்பர். தேதியைப் பற்றி ஒருவரும் பேச மாட்டேன் என்கிறீர்கள்.

நெறியாளர்:
நண்பர்களே, சிலை பற்றிய தனிப்பட்ட சீண்டல்கள் வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

மேட்டுத்தெரு:
நீக்கிய இரண்டில் ஒன்று என்னுடையது. அதில் திட்டு எதுவும் இல்லை, ஆண்டுகள்தான் இருந்தன. சரி, போகட்டும்.

ஈரமண்:
நான் அப்பா கட்சி, ஆனால் வேறு காரணத்துக்காக. சட்டர்வில் மேட்டு நிலம். பிள்ளையும் வியாபாரிகளும் போட்ட ஊர் சாக்ரமெண்டோ, அமெரிக்கன் என்ற இரண்டு ஆறு கூடுகிற பள்ளம். 1850 ஜனவரியிலேயே வெள்ளம் வந்து ஊரை முக்கியெடுத்தது. கரை எழுப்பிக் காப்பாற்றப் பார்த்தார் ஹார்டின் பிகலோ, அந்தப் புகழிலேயே மேயரானார். அதே வருடம் ஆகஸ்டில் மனைத் தகராறில் துப்பாக்கிச் சண்டை, அதில் குண்டடி பட்டார், தேறுவதற்குள் காலராவில் போய்ச் சேர்ந்தார். 1852-ல் தீ, ஊரின் பெரும்பகுதி சாம்பல். 1861-62 வெள்ளம் எல்லாவற்றுக்கும் மேல். லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் 1862 ஜனவரி 10 அன்று ஆளுநராகப் பதவியேற்கப் படகில் போனார். சட்டமன்றமே மூட்டை கட்டிக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஓடியது. அப்பா பேச்சைக் கேட்டிருந்தால் இந்த அழுகை ஒன்றும் இல்லை.

மேட்டுத்தெரு:
ஈரமண் சார், நன்றி! அப்பா வேறு இடம் சொன்னார், பிள்ளை வேறு இடத்தில் போட்டான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதாவது இன்றைக்கு இருக்கிற ஊர் பிள்ளை போட்டது. கோட்டைவாசல், உங்கள் கட்சிக்காரரே என் பக்கம் சாட்சி சொல்கிறார், பாருங்கள்.

ஈரமண்:
நான் உங்கள் பக்கம் எங்கே சொன்னேன்? தப்பான இடத்தில் போட்டான் என்றேன்.

மேட்டுத்தெரு:
போட்டான் என்கிறீர்களே, அது போதும். வெள்ளத்தைப் பற்றியும் சொல்கிறேன். படகு நிற்கிற இடத்தில்தான் கடை நிற்கும், மேட்டில் நின்றால் சரக்கு யார் தலையில் வரும்? ஊரை விட்டு ஓடாமல் அவர்கள் செய்ததைப் பாருங்கள். 1860-களில் தொடங்கிப் பத்து வருடத்துக்கும் மேலாக ஐ, ஜே, கே தெருக்களை மண் கொட்டி உயர்த்தினார்கள், சில இடங்களில் பத்தடிக்கு மேல். முழுசு முழுசான செங்கல் கட்டிடங்களைத் திருகுஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். அமெரிக்கன் ஆற்றின் வாயையே வடக்கே திருப்பிவிட்டார்கள். பழைய நடைபாதைகள் இன்னும் நிலத்துக்கடியில் இருக்கின்றன, சுற்றிக் காட்டுகிறார்கள். இதைச் சுற்றுலாக் குறிப்பில் எழுதியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

கோட்டைவாசல்:
உங்கள் கைதட்டலுக்காக நான் எழுதுவதில்லை.

கடைசிபெஞ்ச்:
பாதித் தண்ணீர் சுரங்கக்காரர்கள் புண்ணியம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு வந்த பீய்ச்சுக்குழாய்ச் சுரங்கங்கள், தங்கத்துக்காகத் தண்ணீரைப் பீய்ச்சியடித்து மலையையே கரைத்து ஆற்றில் விட்டன, ஆற்றின் படுகை மேலே ஏறியது. 1884-ல் நீதிபதி சாயர் தீர்ப்பு வந்த பிறகுதான் அது அடங்கியது. தங்கம் ஊரை வளர்த்தது என்று மட்டும் சொல்கிறோம்.

வரப்போரம்:
எல்லாம் சரி, தலைநகரானது எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லையே. மூல வாக்கியத்தில் "அதுவே தலைநகரானது" என்று தோசை திருப்புகிற மாதிரி ஒரு வரியில் முடித்திருக்கிறார். முதலில் சான் ஹோசே, பிறகு வலேஹோ, பிறகு பெனிஷியா, 1854-ல்தான் சாக்ரமெண்டோ. வலேஹோவில் தங்க இடம் இல்லை, நடுவிலேயே ஓடி வந்தார்கள். சாக்ரமெண்டோ நீதிமன்றக் கட்டிடத்தைக் கொடுத்து வா என்று அழைத்தது. அதுவும் வியாபாரிகளின் சாமர்த்தியம்தான். சட்டமன்ற மாளிகை 1860-ல் தொடங்கி 1874-ல் முடிந்தது. இதில் அப்பா சட்டரும் இல்லை, பிள்ளை சட்டரும் இல்லை.

ஈரமண்:
பெனிஷியாவில் அந்தப் பழைய சட்டமன்றக் கட்டிடம் இன்னும் அழகாக நிற்கிறது. அங்கேயே விட்டிருந்தால் ஆளுநர் படகில் போக வேண்டியிருக்காது.

வரப்போரம்:
பெனிஷியாவா? அந்தச் சின்ன ஊரையா? கண்டத்தைக் கடந்து கிழக்கே போன ரயில் பாதை எங்கிருந்து புறப்பட்டது என்று பாருங்கள். 1863 ஜனவரி 8, சாக்ரமெண்டோவில் மண் வெட்டித் தொடங்கினார்கள். அந்த ரயில் கம்பெனியை நடத்திய ஸ்டான்ஃபோர்ட், ஹண்டிங்டன், ஹாப்கின்ஸ், கிராக்கர் நான்கு பேரும் அந்த ஊர்க் கடைக்காரர்கள்.

கடைசிபெஞ்ச்:
மலையில் தண்டவாளம் போட்டதில் பெரும்பான்மை சீனத் தொழிலாளர்கள். அவர்களுடைய ஐ தெருக் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்த ஏரியையும் அதே ரயில் கம்பெனி மண் போட்டு மூடியது. ஜப்பானியர் தெருக்களை 1950-களில் நகர் மறுசீரமைப்பு என்று இடித்தார்கள். யார் யாரை உருவாக்கினார்கள் என்று கேட்கும்போது...

மேட்டுத்தெரு:
இழை எங்கேயோ போகிறது. திரும்பி வாருங்கள். கடைசியாக ஒரு தகவல், இதற்கு மேல் கோட்டைவாசல் பேசமாட்டார் என்று நினைக்கிறேன். அப்பா சட்டர் 1880-ல் வாஷிங்டனில் செத்தார், கல்லறை பென்சில்வேனியாவில், லிட்டிட்ஸ் என்ற ஊரில். பிள்ளை மெக்சிகோவில் அகபுல்கோவுக்குப் போய் அங்கேயே 1897-ல் செத்தான், ஆனால் 1964-ல் அவன் எலும்பைத் தோண்டி எடுத்து வந்து சாக்ரமெண்டோ மயானத்தில் வைத்தார்கள். ஊருக்குத் தெரிந்திருக்கிறது யார் தன் ஆள் என்று.

கோட்டைவாசல்:
கல்லறையை வைத்து வரலாறு எழுதுகிற ஆளிடம் இனி என்ன பேச. ஒன்று மட்டும் கேட்கிறேன். 1850 துப்பாக்கிச் சண்டை எதற்காக நடந்தது? மனை வாங்காமலே குடியேறியவர்கள் சொன்னது "சட்டரின் மானியம் இந்த நிலத்துக்குச் செல்லாது" என்று. அப்பா சட்டரின் மானியம், அல்வராடோ 1841-ல் கொடுத்த அந்த நிலக்கொடை. ஊரில் மனை வாங்கிய அத்தனை பேருடைய பத்திரமும் அந்த ஒரு காகிதத்தில்தான் தொங்கியது. பிள்ளை கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் அப்பா காகிதம் இல்லாமல் அது செல்லாது. என் வரியை மாற்ற மாட்டேன்.

மேட்டுத்தெரு:
மானியம் 1841. ஊர் 1848 டிசம்பர். அந்த மாதம் அப்பா எங்கே இருந்தார் என்று மட்டும் ஒரே வரியில் பதில் சொல்லுங்கள்.

கோட்டைவாசல்:
டென்வர் இழையில் போய்த் தேடுங்கள், அங்கே இருப்பார்.

வரப்போரம்:
பிரானனைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.