வைல்டு கார்டு: ‘எதிர்பாராக் காரணி’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘வைல்டு கார்டு’ (wild card) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘எதிர்பாராக் காரணி’ என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ரம்மி ஆடுகிறவர்களைக் கேளுங்கள். தொடக்கத்திலேயே ஒரு சீட்டைத் திறந்து வைத்து, அந்த எண்ணுள்ளவை எல்லாம் ஜோக்கர், அதாவது வேறெந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கும் வைல்டு கார்டு என்று அறிவித்துவிடுகிறோம். அவை கட்டில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். யார் கைக்குப் போகும், எதற்குப் பதிலாக நிற்கும் என்பதுதான் தெரியாது. இருப்பு தெரிந்து விளைவு தெரியாத ஒன்றை ‘எதிர்பாராத’ என்று எப்படிச் சொல்வது?

எங்கள் செட்டிநாட்டுக் கதையையே பாருங்கள். பர்மாவில் வட்டிக்கடை வைத்தவர்கள் நெல் விலை ஏறி இறங்கும் என்பதை அறியாதவர்களா? அறிந்தேதான் நிலத்தை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தார்கள். 1930-இல் விலை சரிந்ததும் பணம் திரும்பவில்லை, நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த விளைநிலம் 1930-இல் சுமார் 6 சதவீதம். 1938-இல் சுமார் 25 சதவீதம். கேட்காத நிலத்தோடு பர்மியர்களின் பகையும் கூடவே வந்தது. அங்கே நெல் விலைதான் வைல்டு கார்டு. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டு விழுந்தது வேறு வகை. எந்த ஐந்தொகையிலும் (சொத்து, கடன் கணக்கிலும்) இடம்பெறாத அதை வேண்டுமானால் ‘எதிர்பாரா நிகழ்வு’ என்போம்.

‘துருப்புச்சீட்டு’ அறவே ஆகாது. அது வைத்திருப்பவனுக்கு உறுதியான பலம்.

என் பரிந்துரை ‘கணிப்பிலி’, அதாவது கணிப்புக்குள் அடங்காதது. ஏதிலி, பாடநூல்களில் வரும் முதுகெலும்பிலி ஆகியவற்றின் வழியில் அமைந்தது. “இந்தத் தொகுதியில் சுயேச்சைதான் கணிப்பிலி” என்று எழுதிப் பாருங்கள், உறுத்தவில்லை. ‘போக்கிலி’யைப் போல வசையாக ஒலிக்கிறது என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்தத் துடுக்கு இந்தச் சொல்லுக்கு வேண்டியதுதான்!

எல்லா இடத்துக்கும் இதையே ஒட்டவைக்க வேண்டாம். தரவரிசையில் 125-ஆம் இடத்திலிருந்த டென்னிஸ் வீரர் கோரன் இவானிசெவிச் 2001 விம்பிள்டனில் ஆட வந்ததும் வைல்டு கார்டில்தான், ஆனால் அது அமைப்பாளர்கள் தந்த ‘சிறப்பு நுழைவு’. அவர் பட்டத்தையே வென்றது பிறகு நடந்த கதை. கணினியில் கோப்பு தேடும்போது எந்த எழுத்துக்கும் பதிலாக இடும் உடுக்குறியையும் (*) வினாக்குறியையும் (?) வைல்டு கார்டு என்கிறார்கள், அவற்றுக்குப் ‘பதிலிக்குறி’ போதும்.

பெயரடையில்தான் இடிக்கிறது. ‘கணிப்பிலித்தன்மை வாய்ந்த’ என்று நீட்டினால் நாக்கு இடறுகிறது. சுருக்கமான வடிவம் தோன்றினால் எழுதுங்கள்.