புதுப்பிப்பு: தரவு அறிவியலா, இணையச் செயலி உருவாக்கமா?

பிற்காலத்தில் சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணத்தோடு இவற்றில் எந்தத் துறைக்குப் போவது என்று சில மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். செயலி உருவாக்கத்தைத் தேர்ந்தெடுத்து, சிறு நிறுவனமொன்றில் சேர்ந்துவிட்டேன்.

தரவுகளை அலசிப் பயனுள்ள முடிவுகளைக் கண்டறியும் தரவு அறிவியலுக்கு முதலில் தரவு வேண்டும். புதிதாகத் தொடங்குபவரிடம் அது இருப்பதில்லை. பைத்தான் நிரல்மொழியும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளமும் தெரிந்தவரோ வாடிக்கையாளர் பயன்படுத்தக்கூடிய ஒன்றைத் தனியாகவே செய்து முடிக்கலாம். சென்ற வாரம் ஒரே கட்டணம் இருமுறை பதிவான பிழையைத் தேடி இரவு வரை அமர்ந்திருந்தபோது, இணைப்பு அறுந்ததும் செயலி அதே கோரிக்கையை மறுபடி அனுப்பியதே காரணம் என்று கண்டேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண்ணோடு மறுபடி வருவதை ஒதுக்கச் செய்ததும் அது நின்றது. இப்படிப்பட்ட அனுபவத்துக்காகவே வேலைக்குப் போகலாம் என்று தோன்றுகிறது.

வேலை ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. ஓய்வு நேரத்தில் எழுதும் நிரலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்றது ஒரு பிரிவு. கையெழுத்திடும் முன்பே பேசி, நிறுவனக் கணினியைத் தொடாமல் செய்யும் சொந்தப் பணிகளுக்கு எழுத்துமூலம் விலக்குப் பெற்றேன்.

ஒரு விளையாட்டு நிறுவனம் தன் குழுவுக்காகச் செய்துகொண்ட கருவிதான் 2013இல் ஸ்லாக் என்ற அலுவலக உரையாடல் செயலியாக வெளிவந்தது. ஆகவே தொழில் யோசனையை இப்போதே முடிவுசெய்யாமல், வேலையில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களைக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். இதுவரை 11 சேர்ந்திருக்கின்றன, அவற்றில் நான்கு கட்டணச் சரிபார்ப்பைப் பற்றியவை.