காரை, அரியலூர் பக்கம் கடல் புதைபடிவம் தேடப் போகிறோம்: எதைப் பார்ப்பது, எதைத் தொடக்கூடாது?

பல்லாவரம்_பிரபு
சென்னையிலிருந்து நண்பர்கள் நாலு பேர் பொங்கல் கழித்து வரும் சனி, ஞாயிறில் கிளம்புகிறோம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை, சாத்தனூர், அரியலூர் மாவட்டத்துக் கல்லங்குறிச்சி மூன்று ஊரையும் பார்க்க எண்ணம். சுத்தியல் தேவையா? காரையில் பெலம்னைட்டையும் (கணவாய் போன்ற, அழிந்துபோன கடல் உயிரியின் உள் ஓடு) ஜிப்சத்தையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அனுமதி யாரிடம் கேட்பது?

பாறைமேடு
நல்ல நேரம் பார்த்திருக்கீங்க. ஐப்பசி, கார்த்திகை மழை களிமண்ணை அரித்து உள்ளே இருப்பதை மேலே கொண்டு வந்திருக்கும், மண்ணும் காய்ந்திருக்கும். மழை பெய்த இரண்டு மூன்று நாளுக்குள் காரை ஓடைகளில் இறங்காதீங்க. அந்தக் களிமண் ஈரத்தில் உப்பி, காயும்போது பிளக்கும். ஓடைக்கரை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சரியும்.

காரை சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடிச் சேறு. சுத்தியலுக்கு அங்கே வேலையே இல்லை, எல்லாம் தரையில் உதிர்ந்துதான் கிடக்கும். காலை 7 முதல் 9 மணிக்குள் ஓடையின் அடிப்பக்கமாக மெதுவாக நடங்க. சாய்ந்த வெயிலில் சின்னப் பொருளுக்கும் நீள நிழல் விழும். உச்சி வெயிலில் தரையெங்கும் ஜிப்சம் மின்னி, கண் கூசி, ஒன்றும் பிடிபடாது. நிழல் கிடையாது, ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் வேணும்.

நிலம் சில இடத்தில் பட்டா, சில இடத்தில் புறம்போக்கு. ஊருக்குள் போனதும் கிராம நிர்வாக அலுவலரையோ ஊராட்சி அலுவலகத்தையோ கேட்டுவிட்டு இறங்குங்க. சாத்தனூர் கல்மரம் (கல்லாக மாறிய மரத்தண்டு) தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். 1940ல் கண்டறியப்பட்டது, 18 மீட்டர் நீளம். அதிலிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது, சுற்றிக் கிடக்கும் துண்டும் உட்பட.

தேன்மொழி_நிலவியல்
பெலம்னைட் துப்பாக்கித் தோட்டா வடிவம், தேன் நிறம் அல்லது பழுப்பு. உடைந்த முகத்தைப் பாருங்க: நடுவிலிருந்து கதிர்போல விரியும் கோடுகளும், மரத்தண்டில் இருப்பது போன்ற வளையங்களும் தெரியும். அகன்ற முனையில் கூம்பு வடிவக் குழி இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஜிப்சம் நிறமில்லாமலோ வெள்ளையாகவோ இருக்கும், பட்டு நூல் கட்டு மாதிரி நாராக உரியும். நகத்தால் கீறினால் ஜிப்சத்தில் கோடு விழும், கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமமான பெலம்னைட்டில் விழாது. ஆணியால் சுரண்டிய பொடியில் ஒரு துளி வினிகர் விட்டால் பெலம்னைட் நுரைக்கும், ஜிப்சம் சும்மா இருக்கும். உதிர்ந்த சில்லில் மட்டும் செய்யுங்க.

சுறாப் பல்லுக்கு முழங்கால் போட்டுத்தான் தேடணும். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள், கரும்பழுப்பு, மெருகு போட்ட பளபளப்பு. இரண்டு பக்கமும் குழிந்த வட்டமான எலும்பு கண்ணில் பட்டால் கை வைக்காதீங்க. இக்தியோசர் என்ற கடல் ஊர்வனவின் முள்ளெலும்பாக இருக்கலாம், அந்த எச்சங்கள் காரைப் பாறை அடுக்குகளிலிருந்து கிடைத்திருக்கின்றன. அது எந்த அடுக்கில், எந்தத் திசை பார்த்துக் கிடக்கிறது என்பதில்தான் பாதிச் செய்தி இருக்கு. பிடுங்கி எடுத்தால் அதெல்லாம் போச்சு.

தூரத்திலிருந்து ஒன்று, இடைத் தூரத்தில் ஒன்று, நெருக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தோடு ஒன்று என மூன்று படம் எடுங்க. நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், அளவுகோலாகப் பயன்படும். ஜிபிஎஸ் எண்ணைக் குறித்து, அரியலூர் மாவட்டம் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ அனுப்புங்க.

பல்லாவரம்_பிரபு
நன்றி! அனுமதி கிடைத்து உதிர்ந்த துண்டு ஒன்றிரண்டு எடுத்து வந்தால் எப்படி வைப்பது? உடைந்ததை ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா?

பாறைமேடு
ஃபெவிக்விக் வேண்டாம், ஒட்டினால் திரும்பப் பிரிப்பது கஷ்டம். துண்டு உதிராமல் இறுக, பாரலாய்டு பி-72 (அசிட்டோனில் திரும்பக் கரையும் அக்ரிலிக் பிசின்) வாங்கி, 100 மில்லி அசிட்டோனில் 5 கிராம் கரைத்துத் தூரிகையால் பூசுங்க. துண்டு முழுக்கக் காய்ந்திருக்கணும், ஈரம் இருந்தால் மேலே வெள்ளை படரும். ஜன்னலைத் திறந்து வையுங்க, அடுப்பு பக்கத்தில் கூடவே கூடாது.

களிமண் ஒட்டியதைத் தண்ணீரில் ஊறப் போடாதீங்க, மண் உப்பித் துண்டையே பிளந்துவிடும். ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, மென்மையான பல் துலக்கியால் தட்டி எடுங்க. ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, உள்ளேயே பென்சிலில் எழுதிய சீட்டு வையுங்க: இடம், அடுக்கு, தேதி. பேனா மை ஈரத்தில் கரையும். சீட்டு தொலைந்த புதைபடிவம் வெறும் கல்.

சென்னைக் காற்றுதான் பெரிய எதிரி. தங்க நிறத்தில் மின்னும் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) கலந்த துண்டு இங்குள்ள ஈரத்தில் மெல்லச் சிதையும், வெளிர்மஞ்சள் பொடி பூத்து, கந்தக நெடி வரும். அப்போது உண்டாகும் அமிலம் பக்கத்துத் துண்டையும் சீட்டையும் தின்றுவிடும். அதனால் அதைக் காற்றுப் புகாத தனி டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்க. ஆரஞ்சு ஜெல் பச்சையானால் எடுத்து, ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய வைத்தால் மறுபடி உதவும்.

சுண்ணாம்புக்கல்
கல்லங்குறிச்சி பற்றி யாரும் சொல்லலை. அங்கே சுமார் 7 கோடி ஆண்டுப் பழைய சுண்ணாம்புக்கல் அடுக்குகளில் தடித்த கிரைஃபியா சிப்பிகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அவை தெரியும் இடம் பெரும்பாலும் சிமென்ட் ஆலைகளின் சுரங்கங்கள். சுரங்க மேலாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி, தலைக்கவசம், பாதுகாப்பு ஷூ இல்லாமல் போகாதீங்க. வெடி வைக்கும் நேரம் கேட்டுக்கோங்க, செங்குத்துச் சுவரின் அடியில் நிற்காதீங்க. அனுமதி கிடைக்காவிட்டால் அந்த நேரத்தை வாரணவாசியில் செலவிடுங்க.

உருண்டைக் கல் கிடைத்தால் உடனே டைனோசர் முட்டை என்று வாட்ஸப்பில் போடாதீங்க. 2020ல் குன்னத்தில் குளம் தோண்டியபோது அப்படித்தான் செய்தி பரவியது. அவை அம்மோனைட்டை (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடல் உயிரி) சுற்றிப் படிவு இறுகி உருவான திரள்கற்கள் என்று வல்லுநர்கள் விளக்கினார்கள். முட்டையென்றால் ஓட்டின் மெல்லிய அடுக்கும் நுண்துளைகளும் லென்ஸில் தெரியணும்.

ரயிலில் போவதானால் விருத்தாசலம் வழியாகப் போகும் வண்டிகளில் அரியலூரில் நிற்பதைப் பாருங்க. காரில் என்றால் திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூர் வரை. காரை மண்பாதை ஈரமாக இருந்தால் வண்டியைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடங்க, அந்தக் களிமண்ணில் சக்கரம் புதைந்தால் டிராக்டர்தான் இழுக்கணும்.