குள்ளர் வீட்டுக்குச் சிமென்ட் வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

திருவிழா வசூலில் மிஞ்சிய பணத்தில், நம் பழனி மலையில் குள்ளர் வீடு என்று நாம் சொல்லும் பழங்காலக் கல் வீட்டைச் சுற்றித் தளம் போட்டு, மேலே தகரக் கூரை அமைக்கலாம் என்று ஷார்ஜா தம்பி எழுதியிருந்தார். ஏழெட்டுப் பேர் ஆமோதித்தும் விட்டீர்கள். நல்ல மனசுதான், ஆனால் வேண்டாம்.

போன மாதம் ஊருக்குப் போனபோது காப்பித் தோட்டத்தைத் தாண்டி ஏறிப் பார்த்தேன். பக்கத்துக்கொன்றாக நிறுத்திய பலகைக் கல், மேலே மூடுகல், சுற்றிலும் கற்குவை. மாடு மேய்க்கப் போன நாம் மழைக்கு ஒதுங்கிய இடம். நெருப்பு மழை வரும் என்று பயந்து குள்ளர்கள் கட்டியது என்பாள் அப்பத்தா. உண்மையில் அது ஈமச்சின்னம், செத்தவர்களுக்குக் கட்டிய வீடு.

சிங்கப்பூர் மாமா இதைப் புதிய கற்காலம் என்கிறார். மாமா, நம் மலையில் இந்த வகை பெரும்பாலும் இரும்புக் காலத்தைச் சேர்ந்தது. ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் இவற்றைத் தேடி மலையெல்லாம் அலைந்து எழுதியது 1928இல் தொல்லியல் துறை வெளியீடாகவே வந்தது. தொல்லியல் பேராசிரியர் கா. ராஜன் குழு தாண்டிக்குடியில் தோண்டியது. அப்புறம் அடிவாரத்துப் பொருந்தலில் அவர்களுக்கு ஒரு ஈமச்சின்னத்துக்குள் இருந்த பானையில் 2 கிலோ நெல் கிடைத்தது. கி.மு. 490 என்று காலம் கணித்தார்கள். யோசித்துப் பாருங்கள், செத்தவருக்கு நெல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்!

குள்ளர் வீட்டருகே நிற்கும் தொல்லியல் துறையின் நீலப் பலகை சும்மா இல்லை. மத்திய அரசுப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வேண்டும். சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சங்கத் தலைவரை உள்ளே தள்ளத்தான் வசூல் செய்தோமா?

பணத்தைப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குக் கொடுங்கள். குள்ளர் வீட்டுக்கு நீங்கள் தர வேண்டியது பழைய போட்டோக்கள். கிழக்குப் பக்கக் கல் இப்போது அங்கே இல்லை, எப்போது காணாமல் போனது என்று பார்க்க வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். எங்கள் காப்பிக் களத்துப் படிக்கல் அதே அகலம், அதே கனம். தாத்தா காலத்தில் வந்தது. ராத்திரியோடு கொண்டுபோய் வைத்துவிடலாமா என்று என் தம்பியிடம் கேட்டேன். அதையும் நாமாகச் செய்யக் கூடாதாம், தொல்லியல் துறைக்கு எழுதிக் கேட்க வேண்டுமாம். கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.