பழைய ஆம்னி கேம்பருக்குக் கூடுதல் பட்டை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2004 மாடல் மாருதி ஆம்னி. பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில், தண்ணீர் கேன், பேட்டரி, அடுப்பு எல்லாம் ஏற்றியாச்சு. இப்போது வண்டி பின்பக்கம் உட்கார்ந்தே நிற்கிறது. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் உடம்பைச் சாய்க்கிறது, குழியில் இறங்கினால் பம்ப் ஸ்டாப்பில் (அச்சு மேலே முட்டாமல் தடுக்கும் ரப்பர் கட்டையில்) 'டக்'கென்று இடிக்கிறது.

பின்னால் பக்கத்துக்கு ஒரு பட்டை (லீஃப் ஸ்பிரிங் தகடு) கூட்டி, நான்கு சக்கரத்துக்கும் வெளிச்சந்தை கேஸ் ஷாக் (வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர்) போடலாம் என்று சாமான் வாங்கி வைத்திருக்கிறேன். பட்டைக்கட்டை அச்சோடு இறுக்கும் பழைய யூ போல்ட்டையே மாட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். பட்டைக்கட்டு தடிமனானால் நட்டுக்கு மரை போதுமா? பட்டைகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட்டும் நீளமாக வேண்டுமே? பட்டை முனையைத் தாங்கும் ஷேக்கிளின் ரப்பர் புஷ்ஷும் வெடித்திருக்கிறது, அதையும் சேர்த்து மாற்றுவதாக உத்தேசம். வண்டியைத் தரையில் இறக்கி, எடை ஏறிய பிறகுதான் புஷ் போல்ட்டை முழுசாக முறுக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னால் சிரிக்கிறார்!

இதே வேலையைச் செய்தவர்கள், காலியாக ஓட்டும்போது தூக்கிப் போடுகிறதா என்று சொல்லுங்கள். அப்படியென்றால் பட்டையை விட்டுவிட்டு ஹெல்பர் ஸ்பிரிங் (சுமை ஏறும்போது கைகொடுக்கும் துணை ஸ்பிரிங்) பக்கம் போய்விடுவேன். ஈரோடு, கோவைப் பக்கம் நல்ல பட்டைப் பட்டறை தெரிந்தாலும் சொல்லுங்கள்.