கல்லூரிப் பிள்ளைகளின் டென்ஷனை அளக்கிற கேள்வித்தாள்: எல்லோருக்கும் 20 வருகிறதே, ஏன்?

மேலூர் மாணவி:
வணக்கம். மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக, உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழு 1983-ல் கொண்டுவந்த மன அழுத்த அளவுகோலின் 10 கேள்வி வடிவத்தைத் தமிழாக்கி 60 பேரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் 0-விலிருந்து 4 வரை ஓர் எண்ணைக் குறிக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் 20-ஐ ஒட்டியே நிற்கிறார்கள். தினமும் உசிலம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைக்கும் கல்லூரி வாசலிலேயே வீடு இருக்கிற பிள்ளைக்கும் ஒரே மதிப்பெண் என்றால் எப்படி நம்புவது?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
4, 5, 7, 8 ஆகிய நான்கு கேள்விகளைத் திருப்பிப் போட்டுக் கூட்டினாயா என்று முதலில் பாரம்மா. அவை நல்லவிதமாகக் கேட்கிற கேள்விகள், அதனால் 4 என்று குறித்தால் 0, 3 என்றால் 1. இதை விட்டுவிட்டால் ரொம்ப நொந்துபோனவருக்கு 40-க்குப் பதில் 24 வரும், ஒரு கவலையும் இல்லாதவருக்கே 16 வந்துவிடும். அப்புறம், அது கடந்த ஒரு மாதம் மனசுக்கு எப்படி இருந்தது என்றுதான் கேட்கிறது, எதனால் என்று கேட்பதில்லை. அன்றாடத் தொல்லைகளுக்கென்றே உளவியலாளர் லாசரஸின் குழு 1981-ல் 117 தொல்லைகள் கொண்ட பட்டியல் போட்டது, ஆனால் அது அமெரிக்க வாழ்க்கையை வைத்து எழுதியது. நம் பிள்ளைகளிடமே கேட்டு ஒரு பட்டியல் எழுது.

உசிலம்பட்டிப் பையன்:
அக்கா, அந்த இரண்டு பஸ் கேஸ் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மன அழுத்தம்' என்று தாளில் பார்த்தாலே ஏதோ வியாதி மாதிரி இருக்கிறது, டிப்ரஷனுக்கும் அதே வார்த்தையைத்தானே போடுகிறார்கள். பயந்துபோய் 'சில சமயம்' என்று குறித்துவிட்டுப் போய்விடுவோம், அதுவும் வகுப்பாசிரியர் பக்கத்தில் நின்று தாளை வாங்கினால் சொல்லவே வேண்டாம். டென்ஷன், எரிச்சல் என்று எழுதுங்கள். முகூர்த்த நாளில் ஆரப்பாளையம் பஸ்ஸில் ஏற முடியாமல் முதல் பீரியட் அட்டெண்டன்ஸ் போவது, அரியர் பீஸுக்கு அப்பாவிடம் வாய் திறக்க முடியாமல் மூன்று நாள் தள்ளிப்போடுவது, இதெல்லாம் மாசக் கடைசியில் கேட்டால் ஞாபகம் இருக்காது. இரண்டு வாரம் தினமும் ராத்திரி இரண்டே கேள்வி போனில் கேளுங்கள், சொல்வோம்.

மேலூர் மாணவி:
சார், நீங்கள் சொன்னதேதான், திருப்பவே இல்லை. இப்போது கூட்டினால் 9-லிருந்து 36 வரை பரவி நிற்கிறது. தம்பி சொன்ன மாதிரி தினக் கேள்வியையும் சேர்க்கிறேன். ஆனால் அந்த 36 வந்த தாளைக் கீழே வைக்க மனசு வரவில்லை. பெயர் எழுதச் சொல்லவில்லை, யார் என்று தேடவும் கூடாது. நாளைக்கு வகுப்பு வகுப்பாகப் போய் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணைப் போர்டில் எழுதிவிட்டு வருகிறேன்.