பாட் ரேட்டைக் குறைத்தும் நீளக் கேபிளில் நாய்ஸ் குறையவில்லை, ஏன்?

கேள்வி:
வணக்கம். ஆர்எஸ்-485 லைன் (ஏ, பி என்ற இரண்டு வயருக்கு இடையிலான வோல்டேஜ் வித்தியாசத்தில் டேட்டா போகும்), சுமார் 300 மீட்டர் கேபிள், மோட்பஸ் முறை, கேள்வி அனுப்பும் ஒரு மாஸ்டரும் பதில் சொல்லும் ஆறு ஸ்லேவும். எல்லாவற்றிலும் லைனில் சிக்னலை அனுப்பி வாங்குவது மேக்ஸ்485 சிப். லைனின் இரண்டு முனையிலும் ஏ, பி-க்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. அதே கேபிளின் இன்னொரு ஜோடியில் 4–20 மில்லி ஆம்பியர் பிரஷர் சென்சார் வருகிறது. பஸ்ஸில் டேட்டா போகும்போதெல்லாம் அந்த ரீடிங் துள்ளுகிறது. பாட் ரேட்டை, அதாவது விநாடிக்கு அனுப்பும் பிட்களை, 38400-லிருந்து 9600-க்கு இறக்கியும் துள்ளல் அதே அளவுதான். நடுவில் சிஆர்சி பிழையும் (வந்த டேட்டா கெட்டிருக்கிறது என்று காட்டும் பிழை) வருகிறது. இன்னும் வேகத்தைக் குறைக்கவா?

பதில்:
குறைத்துப் பயனில்லை. 9600-இல் ஒரு பிட் 104 மைக்ரோசெகண்ட் நிற்கும். ஆனால் 0-விலிருந்து 1-க்கு ஏறும் எட்ஜ் எவ்வளவு செங்குத்து என்பது சிப்பின் குணம், பாட் ரேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேக்ஸ்485 2.5 மெகாபிட் வேகத்துக்கானது, ஏறக்குறைய 15 நானோசெகண்டில் ஏறிவிடும். எட்ஜின் அதிர்வெண் எதுவரை போகும் என்று தெரிய, 0.35-ஐ ஏறும் நேரத்தால் வகுப்பார்கள். வகுத்தால் சுமார் 23 மெகாஹெர்ட்ஸ். 1200-இல் ஓட்டினாலும் ஒவ்வொரு எட்ஜும் அதுவரை சக்தியைக் கேபிளில் இறக்கும். பக்கத்து ஜோடிக்குள் ஏறுவது அதுதான். பாட் ரேட் குறைந்தால் எட்ஜ்களின் எண்ணிக்கை குறையும், வீரியம் குறையாது.

மேக்ஸ்487 போடுங்கள். அதே 8 கால், அப்படியே உட்காரும். உச்ச வேகம் 250 கேபிபிஎஸ்தான். ஸ்லூ ரேட்டை, அதாவது வோல்டேஜ் ஏறும் வேகத்தை, கட்டுப்படுத்தி, 250 நானோசெகண்டுக்குக் குறையாமல் மெல்ல ஏற்றும். அதே கணக்கில் 1.4 மெகாஹெர்ட்ஸ்தான் வருகிறது.

கேட்டவர்:
எட்ஜ் சாய்ந்துபோனால் நீளக் கேபிளில் பிழை அதிகமாகாதா? வேகமான சிப்தான் நல்லது என்று நினைத்திருந்தேன்.

பதில்:
அதிகமாகாது. மிக மெதுவாக ஏறினாலும் 2 மைக்ரோசெகண்ட். ரிசீவர் பிட்டின் நடுவில்தான் பார்க்கிறது, அங்கே 52 மைக்ரோசெகண்ட் இருக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. மெயின் லைனிலிருந்து கருவிக்குப் பிரியும் கிளை வயர் 15 நானோசெகண்ட் எட்ஜுக்கு 30 சென்டிமீட்டரைத் தாண்டினாலே எதிரொலி தலைகாட்டும். 250 நானோசெகண்ட் என்றால் 5 மீட்டர் வரை தாங்கும்.

இன்னொருவர்:
சிஆர்சி பிழைக்குச் சிப்பை மட்டும் நம்பாதீர்கள். யாரும் அனுப்பாத நேரத்தில், இரண்டு 120 ஓமும் சேர்ந்து ஏ, பி வித்தியாசத்தைக் கிட்டத்தட்ட 0-வுக்கு இழுத்துவிடும். 200 மில்லிவோல்ட்டுக்குள் ரிசீவர் என்ன சொல்லும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சின்ன நாய்ஸும் ஸ்டார்ட் பிட்டாக, அதாவது ஒரு பைட்டின் தொடக்கக் குறியாக, தெரியும். மாஸ்டர் பக்கம் மட்டும் ஏ-யை 5 வோல்ட்டுக்கும் பி-யைக் கிரவுண்டுக்கும் ஆளுக்கொரு 560 ஓம் வழியாக இணையுங்கள். சுமார் 250 மில்லிவோல்ட் நிற்கும். ஏ, பி இரண்டும் ஒரே முறுக்கு ஜோடியில்தான் போகின்றனவா என்றும் பாருங்கள். வேறு வேறு ஜோடியில் பிரிந்திருந்தால் எந்தச் சிப்பும் காப்பாற்றாது.

கேட்டவர்:
ஒரே ஜோடிதான். 560 ஓம் போட்டதும் சிஆர்சி பிழை நின்றுவிட்டது. மேக்ஸ்487-ஐ முதலில் மாஸ்டரில் மட்டும் மாற்றினேன். மாஸ்டர் பேசும்போது ரீடிங் அசையவில்லை. ஸ்லேவ் பதில் அனுப்பும்போது மட்டும் துள்ளுகிறது.

பதில்:
அப்படித்தான் இருக்கும், எட்ஜை உருவாக்குவது அனுப்புகிறவரின் சிப். ஆறிலும் மாற்றுங்கள். சென்சார் ரீடிங் எடுக்கும் முனைக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவிலிருந்து தொடங்கினால் வித்தியாசம் சீக்கிரம் தெரியும்.